இவவின்ர வாயில இருக்கு

வாயில் ஐந்து குண்டூசி. கழுத்தில் அளவு நாடா. முழங்காலில் நின்று ஓர் இத்தாலியப் பாடகியின் பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

லண்டனில் ஒரு பெரிய ஒப்பரா அரங்கத்தின் மேல்மாடியில், கூரைக்குக் கீழே இருந்த அறை அது. ஸ்திரிக்கைப் பெட்டியின் ஆவியும் கஞ்சிப் பசை மணமும் கலந்து கிடக்கும். மறுபக்கம் ரஞ்சி அக்கா அந்த அம்மாவின் முதுகுக் கொக்கிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எடி பிள்ளை, அந்தச் சின்ன ஊசி எங்கை? இஞ்சை ஒரு கொக்கி கழண்டு போச்சு."

வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? "ம்ம்" என்றேன்.

"எங்கையெண்டு கேக்கிறன், ம்ம் எண்டுறாய்!"

"இவவின்ர வாயில இருக்கு."

சொன்னது நான் இல்லை. ரஞ்சி அக்காவும் இல்லை. அந்த அறையில் மூன்றாவதாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். வெளியே சுவரொட்டிகளில் ஆள் உயர எழுத்தில் பெயர் போட்டிருந்த செரஃபீனா மொந்தல்தி.

நான் ஒரு ஊசியை விழுங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது நாக்குக்குக் கீழே கிடந்தது. இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தேன்.

அந்த அம்மாவும் திடுக்கிட்டுத்தான் போனார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை மெல்ல எடுத்தார். இனி மறைத்து என்ன பிரயோசனம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பூசணிக்காய்க்கு இடுப்பில இன்னும் ரெண்டு இஞ்ச் இளக்கி விடுங்கோ அக்கா," என்றார். "மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு."

ரஞ்சி அக்கா அப்படியே ஸ்திரிக்கை மேசையில் குந்திவிட்டார். பெட்டி சூடு என்பதுகூட அவருக்கு நினைவில்லை. சட்டை தீயும் மணம் வந்த பிறகுதான் எழும்பினார்.

எங்கள் இரண்டு வாய்கள்

பூசணிக்காய் என்பது ரஞ்சி அக்கா அந்த அம்மாவுக்கு வைத்த பெயர். இதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த அரங்கத்தின் உடுப்புப் பகுதியில் வேலை செய்தோம். எண்பதுகளின் பின்பாதி. ரஞ்சி அக்கா பருத்தித்துறைக்காரி, எனக்கு முன்னமே சேர்ந்தவர். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். எனக்குத் தையல் தெரியும் என்று அறிந்து கையோடு கூட்டிக்கொண்டு போனார். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரிகள் வாய் திறக்காமல் தைப்பார்கள். எங்களுக்கு அது ஏலுமா? கை ஓடினால் வாயும் ஓட வேண்டும்.

எங்கள் துணிச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. இந்த மாளிகையில் தமிழ் ஆருக்கு விளங்கப் போகிறது? அந்த நம்பிக்கையில் ஆளுக்கு முன்னாலேயே ஆளைப் பற்றிக் கதைப்போம். சிரித்த முகத்தோடு, கொக்கியைப் பூட்டிக்கொண்டு, "உந்த இடுப்புக்கு உந்தச் சட்டை கேக்குதோ?" என்போம். லண்டனில் பஸ்ஸிலும் கடையிலும் இதே வேலையைச் செய்யாத தமிழர் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

அந்த அம்மா எங்கள் அரங்கத்துக்குப் பாட வந்து இரண்டு மாதம். அவ்வளவு நாளும் அவருக்கு முன்னால் சொன்னவையெல்லாம் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. இடுப்பைச் சொன்னோம். தலைமயிருக்கு மை பூசுவதைச் சொன்னோம். எல்லாவற்றையும்விட மோசமாகக் குரலைச் சொன்னோம்.

அவருடைய குரல் வகையைக் கலரட்டூரா என்பார்கள். நம்முடைய பாட்டில் பிருகா உதிர்ப்பார்களே, அதைப் போல ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பொடிப்பொடியாக உதிர்த்தபடி உச்சிக்கு ஏறுவது. அதுவும் மைக் இல்லாமல், இரண்டாயிரம் பேருக்குக் கேட்க. ஆனால் அந்த வருடம் உச்சியில் அவருக்குத் தொண்டை பிடித்தது. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த ரஞ்சி அக்கா அவருடைய காலுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னார்: "மேல போகேக்க கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. ஆள் முடிஞ்சுது பிள்ளை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், விசில் அடைச்ச குக்கர் மாதிரி" என்றேன்.

அன்று அவர் கண்ணாடியில் பார்த்தபடி இருந்தார். இதழோரம் கூட அசையவில்லை.

பிலோமினா

அறைக் கதவைப் பூட்டியது அவர்தான். "ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார். "சொன்னா நான் ஒழிஞ்சன்."

அவருடைய தமிழ் பதினொரு வயதில் நின்றுபோன தமிழ். உச்சரிப்பு சுத்தம், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையின் சொற்கள். "டீச்சர் ஏசுவா" என்று ஒரு நாற்பத்தேழு வயதுப் பெண் சொல்லக் கேட்டால் எப்படியிருக்கும்? சிரிப்பு வரவில்லை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பெயர் பிலோமினா. பிறந்தது மன்னார். தாய் அங்கே மடத்துப் பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். தகப்பன் துறைமுக வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர். ஊருக்குத் திரும்பும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார், தாயை விட்டுவிட்டார். கப்பலில் ஏறிய அன்றே தகப்பன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், உன்னுடைய அம்மா ஓர் இத்தாலியப் பெண், செத்துப்போனாள் என்பது. பிள்ளையின் நிறத்துக்கும் கண்ணுக்கும் அது பொருந்தியது.

இருபத்து மூன்று வயதில், ஒரு பெரிய பாடகிக்குக் காய்ச்சல் கண்ட நாளில் இவரை மேடையில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பாடியது ஒரு புகழ்பெற்ற இத்தாலியப் பாட்டு. மறுநாள் காலை பேப்பரெல்லாம் இவர் படம். ஏஜென்டாக வந்த ஆள் புதுப் பெயர் வைத்தார், பிறந்த ஊரையும் மாற்றினார். அதற்குப் பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். இருபத்து நாலு வருடம்.

"உண்மையான இத்தாலிக்காரர் கண்டுபிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பிழை விட்டால் அது எங்கட ஊர்ப் பேச்சு எண்டுவன். தெற்கால ஒரு சின்ன ஊர் எண்டுவன். அவைக்கும் தெரியாது."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னதில்தான் எனக்குக் கண் கலங்கியது. ஒவ்வொரு உடுப்பு அளவுக்கும் எங்கள் இரண்டு பேரையும்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். எங்கள் தையல் அவ்வளவு திறம் என்று நாங்கள் தலைக்கனம் பிடித்துத் திரிந்தோம்.

"உங்கட கைக்கில்லை," என்றார். "உங்கட வாய்க்கு. நீங்கள் கதைக்கிறதைக் கேக்கத்தான்."

"ஏசினதையுமோ?"

"ஓம். அதுகும் தமிழ்தானே."

ரஞ்சி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, கொக்கி எடுத்துவருகிறேன் என்று கீழே போனார். அவருக்கு அழுகிற முகத்தை யாருக்கும் காட்டப் பிடிக்காது.

பாட்டில் வரும் பெயர்

நாங்கள் இரண்டு பேரும் தனித்திருந்தோம். பேச்சை மாற்ற நினைத்து, அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

ஒரு பெண். தகப்பன் அவளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறான். கோயிலில் ஒரு பெடியனைக் காண்கிறாள். அவன் ஒளித்து வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவள் தனியே நின்று அந்தப் பெயரை நினைத்து நினைத்துப் பாடுகிறாள். கையில் விளக்கோடு மாடிப்படி ஏறிப் போகும்போதும் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு போகிறாள்.

"சீ!" என்றேன். எனக்கு வந்த முதற் சொல் அதுதான். "இரண்டாயிரம் பேருக்கு முன்னால ஆம்பிளையின்ர பெயரையோ?"

"அது பொய்ப் பெயர்," என்றார். "அவன் பெரிய இடத்துப் பிரபு. படிக்கிற ஏழைப் பெடியன் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போறான். அவளுக்குத் தெரியாது. இல்லாத ஒருத்தன்ர பெயரைத்தான் அவ்வளவு வடிவாப் பாடுறாள்."

பாவி! என்று நான் வாய் திறக்குமுன் அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கட சிவபாலனும் அப்பிடித்தானே?"

என் கையிலிருந்த ஊசிகள் ஐந்தும் கீழே கொட்டின.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். என்னுடைய மனுசனை நான் "அவர்", "இவர்", "எங்கட ஆள்" என்றுதான் எழுதி வருகிறேன். போன மாதம் ஒரு வாசகி, ஏன் உங்கள் கணவருக்குப் பெயரில்லையா என்று கேட்டிருந்தார். இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவோம். பெயர் மட்டுமல்ல, அந்தப் பெயர் கலந்த சொல்லையும் வாயில் எடுக்கமாட்டோம். நகைக்கடையில் நான் ஒன்பது கல்லு மோதிரம் என்றுதான் கேட்பேன். கடைக்காரர் அதன் சரியான பெயரைச் சொல்லித் திருத்துவார். நான் தலையை ஆட்டுவேன்.

என்னுடைய மனுசன் லண்டனுக்கு வந்தது வேறொருவரின் பாஸ்போர்ட்டில். அதில் இருந்த பெயர் சிவபாலன். கூட்டிவந்தவன் சொன்ன புத்தியைக் கேட்டு, அகதி விண்ணப்பத்தையும் அதே பெயரில் போட்டுவிட்டார். பிறகு நான் சிவபாலனின் மனைவியாக வந்து சேர்ந்தேன். அந்தப் பெயர் வாயில் பழக வேண்டும் என்று எனக்கும் உத்தரவு. நானும் பழகினேன். "சிவபாலன் வேலைக்குப் போட்டார்", "சிவபாலனுக்குத் தடிமனும் காய்ச்சலும்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. அது அவருடைய பெயர் இல்லையே!

ரஞ்சி அக்காவுக்குக்கூடத் தெரியாது. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

"என்ர அம்மா அந்த வெள்ளைக்காரன்ர பெயரைக்கூட ஒருநாளும் சொன்னதில்லை," என்றார். "அப்பாவுக்கு அது விளங்காமல் ஏசுவார். நீங்கள் நாளுக்குப் பத்துத் தரம் சிவபாலன், சிவபாலன் எண்டுறியள். முதல் நாளே நினைச்சனான், இது புருசன்ர பெயர் இல்லையெண்டு."

எனக்குக் கால் ஓடவில்லை, கை ஓடவில்லை. ஏனென்றால் இரண்டு கிழமை கழித்துக் குடிவரவு அலுவலகத்தில் எங்களுக்கு விசாரணை. என்னைத் தனியே கேட்பார்கள், அவரைத் தனியே கேட்பார்கள். இடையில் இருந்து மொழிபெயர்க்கப் போகிறவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். நான் அவருக்கு முன்னால் போய்க் கணீரென்று "சிவபாலன்" என்று சொன்னால் கதை கந்தல். எங்கட ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் கொழும்பில் விமானத்தால் இறங்கும் எங்கள் ஆண்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெட்கப்படப் பழகியது

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, புருசன் பெயரைச் சொல்ல எப்படி வெட்கப்படுவது என்று ஓர் இத்தாலியப் பாடகி சொல்லிக்கொடுத்தார்.

"பேர் கேட்ட உடன சொல்லக் கூடாது. மூச்சை எடுங்கோ. எடுத்திட்டு நிப்பாட்டுங்கோ. இப்ப கீழ பாருங்கோ. இப்ப மெல்லமாச் சொல்லுங்கோ."

"சிவபாலன்."

"கடையில பருப்புக் கேக்கிற மாதிரிக் கிடக்கு. திருப்பி."

கதவுக்கு வெளியே ரஞ்சி அக்கா காவல். அவரிடமும் உண்மையைச் சொல்லியாயிற்று. "கோதாரி, எனக்கும் ஒளிச்சிட்டாய்," என்று இரண்டு நாள் முகத்தை நீட்டினார். மூன்றாம் நாள் வந்து காவலுக்கு நின்றார்.

எனக்கு எத்தனை தரம் சொன்னாலும் வெட்கம் வரவில்லை. கடைசியில் அந்த அம்மா ஒரு வழி சொன்னார். வாயால் பொய்ப் பெயரைச் சொல், மனதுக்குள் மெய்ப் பெயரை நினை. நினைத்தேன். அவ்வளவுதான், காது மடல் வரை சூடேறிவிட்டது. "ஆ, இது சரி!" என்று கைதட்டினார்.

தன்னுடைய கவலையை அவர் சொன்னது ஒரே ஒரு தரம். சனிக்கிழமை மதியக் காட்சிதான் அவர் அந்த வேடத்தில் பாடும் கடைசிக் காட்சி. அடுத்த வருடத்துக்கு ஒரு இளம் பெண்ணை எடுத்துவிட்டார்கள். "உச்சி வந்தால் வரட்டும்," என்றார். "ஆரின்ரயோ பொய்ப் பெயரைப் பாடிப் பாடி எனக்கும் களைச்சுப்போச்சு."

சனிக்கிழமை மதியம்

மேடையில் அந்த மாடிப்படி ஏறி முடியும் இடத்தில், திரைக்குப் பின்னால் ஒரு பலகைத் தட்டு. பாடி முடித்து இருட்டுக்குள் வருகிறவருக்குச் சால்வை போர்த்த நான் அங்கே நின்றேன். இசை நடத்துபவரைக் காட்டும் சின்ன டிவி ஒன்று என் காலடியில் இருந்தது.

பாட்டு தொடங்கியது. குழல் ஒன்று மட்டும் கூடவே வந்தது. அவர் மெல்ல மெல்ல உதிர்த்துக்கொண்டு போனார். நான் குக்கர் என்று சொன்ன அந்தத் தொண்டையிலிருந்துதான் அது வந்தது. என் வாயை நானே அடிக்க வேண்டும் போலிருந்தது.

எல்லோரும் காத்திருந்த உச்சி வந்தது. அவர் ஏறவில்லை. கீழேயே நின்று ஒரு சின்ன ஒலியாக முடித்துக்கொண்டார். படி ஏறத் தொடங்கினார். இனி அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லிக்கொண்டே மறைய வேண்டும். ஒத்திகையில் எத்தனையோ தரம் கேட்டுப் பாடமான பெயர்.

அவர் அந்தப் பெயரைப் பாடவில்லை.

"பிலோமினா," என்று பாடினார்.

டிவியில் இசை நடத்துபவரின் புருவம் மேலே போனது. கைக்கோல் ஒரு கணம் நின்று பிறகு அசைந்தது. அந்த அம்மா மறுபடியும், இன்னும் நீளமாக, "பிலோமினா" என்றார். அதே சுரங்கள், அதே வளைவுகள், பெயர் மட்டும் வேறு. சபையில் ஒரு மூச்சு நேரம் ஒருவரும் கைதட்டவில்லை. பிறகுதான் தட்டினார்கள்.

இருட்டுக்குள் வந்தவர் என்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்தார். உடம்பெல்லாம் வேர்வை.

"கேட்டதோ?"

"கேட்டது."

"உச்சி வரேல்லை."

"பெயர் வந்ததுதானே," என்றேன்.

திங்கட்கிழமைப் பேப்பரில், பாவம், வயதாகிவிட்டது, சொற்களையே மறந்துவிட்டார் என்று எழுதினார்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஏதோ ஒரு கடற்கரைப் பட்டினத்திலிருந்து எனக்கு ஒரு கிறிஸ்மஸ் அட்டை வந்தது. உள்ளே தமிழில் பிலோமினா என்று எழுதியிருந்தது. "லோ"வுக்குக் கொம்பு பிழை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

விசாரணை அறையில் ஒரு மேசை, நாலு கதிரை, ஹீட்டர் சூடு. அதிகாரி ஒரு இளம் வெள்ளைக்காரர். மொழிபெயர்ப்பாளர் தடித்த கண்ணாடி போட்டவர், கரவெட்டிப் பக்கப் பேச்சு.

"தங்கச்சி, உங்கட கணவரின்ர முழுப் பெயரைச் சொல்லுங்கோ."

மூச்சை எடுத்தேன். நிறுத்தினேன். கீழே பார்த்தேன். பழகியபடி மனதுக்குள் மெய்ப் பெயரை நினைத்தேன். காது சூடேறியது. எல்லாம் சரியாகத்தான் போனது. வாயைத் திறந்தேன்.

மெய்ப் பெயர் வந்துவிட்டது.

அந்தக் குரல் என்னுடையது என்பதே எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பேனை நின்றது. அவருக்கு முன்னால் கிடந்த கோப்பில் வேறு பெயர். அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ."

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. பதற்றத்தில் மாறிச் சொல்லிவிட்டேன் என்றிருக்கலாம். அந்த மனிதர் அதற்காகத்தான் கதவைத் திறந்து வைத்தார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஐந்து வருடம் பூட்டி வைத்தது வெளியே வந்துவிட்டது, அதைத் திரும்ப விழுங்க என்னால் ஏலவில்லை.

"யோசிச்சுத்தான் சொல்லுறன்," என்றேன்.

வெளியே வந்தேன். காத்திருக்கும் கூடத்தில் அவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்தது அவருடைய முறை.

"இஞ்சேருங்கோ," என்றேன். "நான் உங்களை அழிச்சுப்போட்டன்."

"என்ன சொல்லுறீர்?"

"உங்கட பெயரைச் சொல்லிப்போட்டன். மெய்ப் பெயரை."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கதவு திறந்தது. "மிஸ்டர் சிவபாலன்!" என்று கூப்பிட்டார்கள்.

அவர் எழும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது ஆள் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடையில் இரண்டு வருடம், மூன்று வக்கீல்மார், என்னுடைய பாதி உயிர், எல்லாம் போய்த்தான் இந்த நாட்டில் அவர் சொந்தப் பெயரோடு கால் ஊன்றினார். அந்தச் செவ்வாய்க்கிழமை அது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. விமான நிலையம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

"மிஸ்டர் சிவபாலன்!" இரண்டாம் தரம். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தச் சிவபாலன் யார் என்று சுற்றிப் பார்த்தார்கள்.

"நீர் என்ர பெயரைச் சொன்னனீரோ?" என்று கேட்டார். "நான் ஒருநாளும் கேக்கேல்லையே. ஒருக்காச் சொல்லும்."

"இஞ்சையோ? இவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ?"

"ஓம். இஞ்சைதான்."

மூச்சை எடுத்தேன். நிறுத்தவில்லை, கீழே பார்க்கவில்லை.

"நவரத்தினம்," என்றேன்.

அவர் தொப்பியை என் கையில் தந்துவிட்டு எழும்பி உள்ளே போனார்.